பதினஞ்சு டிகிரி பின்னாடி

மெக்கானிக்: ...மிதிக்காதே, மிதிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!

மனைவி: நான் எங்க மிதிச்சேன்? ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்து ரெண்டு நிமிஷம் ஆச்சு. வேணும்னா வந்து பாருங்க.

மெக்கானிக்: அப்புறம் ஏன் இப்படி இருமுது?

மனைவி: அதை என்னைக் கேட்டா? மெக்கானிக் நீங்களா, நானா?

மெக்கானிக்: இன்னைக்கு எனக்கே அது சந்தேகமா இருக்கு... ஆர்.பி.எம். முள் எதுல நிக்குது?

மனைவி: எழுநூறு... அறுநூறு... மறுபடி எழுநூறு. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.

மெக்கானிக்: அப்படியே இரு. டைமிங் லைட்டைப் பிடிக்கிறேன்... ம்... இல்லை. இருக்காது.

மனைவி: என்ன இருக்காது?

மெக்கானிக்: இருக்கவே இருக்காது...

மனைவி: என்னங்க, எனக்கு இங்கேருந்து பானட் மட்டும்தான் தெரியுது. வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!

மெக்கானிக்: அஞ்சு.

மனைவி: என்ன அஞ்சு?

மெக்கானிக்: பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குப் பத்து டிகிரி முன்னாடி ஸ்பார்க் விழணும். நேத்து சாயங்காலம் பத்துல வெச்சு முடுக்கினேன். இப்போ உச்சியைத் தாண்டி அஞ்சு டிகிரி இறங்கின பிறகு விழுது. பதினஞ்சு டிகிரி பின்னாடி போயிருக்கு.

மனைவி: அணைச்சிடவா?

மெக்கானிக்: அணை.

மனைவி: இந்தாங்க, அணைச்சாச்சு. நேத்து காலையிலயும் இதேதானே? போல்ட் தளர்ந்துடுச்சுன்னு சொன்னீங்க...

மெக்கானிக்: நேத்து கோடு விலகியிருந்துச்சும்மா. ஸ்பார்க்கைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பி, டைமிங்கைத் தள்ளியிருக்குன்னு கண்ணாலயே தெரிஞ்சுது. திருப்பி வெச்சேன், போல்ட்டை முடுக்கினேன், உன் நகப்பாலிஷ்ல புதுக்கோடு போட்டேன். இன்னைக்கு வந்து பாரு. டிஸ்ட்ரிபியூட்டர்ல பாதிக் கோடு, எஞ்சின்ல பாதிக் கோடு, ரெண்டும் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு.

மனைவி: நேரா இருந்தா நல்லதுதானே?

மெக்கானிக்: என்ன நல்லது? எதுவுமே நகரலை, ஆனா டைமிங் நகர்ந்திருக்கு!

மனைவி: லைட் கெட்டுப்போயிருக்கும்.

மெக்கானிக்: இதே லைட்டை வெச்சு முந்தாநாள் அந்த ஸ்கூல் வேன் பாத்தேன். கரெக்டா காட்டுச்சு.

மனைவி: கிளிப்பை வேற ஒயர்ல மாட்டியிருப்பீங்க.

மெக்கானிக்: ஒண்ணாம் பிளக் எதுன்னு தெரியாமலா இருபத்தாறு வருஷம் இந்த ஷெட்டை ஓட்டினேன்?

மனைவி: அந்த வேக்கம் ஹோஸ்...

மெக்கானிக்: கழட்டி அடைச்சாச்சு. நீ என்ன, எனக்கே பரீட்சை வெக்கிறியா?

மனைவி: கூடவே உக்காந்து ஆக்ஸிலேட்டர் மிதிச்சு மிதிச்சு நானும் பாதி மெக்கானிக் ஆயிட்டேனே. அதான்... ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?

மெக்கானிக்: டாக்ஸி மட்டும் சொல்லாதே.

மனைவி: டாக்ஸியிலதான் என்ன தப்பு? போனா அரை மணி நேரம், வந்தா அரை மணி நேரம்.

மெக்கானிக்: என் பேத்தி பொறந்து இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வர்றா. ஊரு வண்டியெல்லாம் ஓட வெக்கிறவன் பேத்தி டாக்ஸியில வரணுமா? மாப்பிள்ளையும் கப்பல்ல இருக்கார். நான் போகாம யாரு போறது?

மனைவி: போற வழியில அந்த ரயில்வே கேட் இருக்கே!

மெக்கானிக்: இருந்தா?

மனைவி: இருந்தாவா? பத்து நாள் முன்னாடி நடு தண்டவாளத்துல வண்டி அணைஞ்சு நின்னுச்சே, மறந்துட்டீங்களா? அன்னைக்கு நீங்க தனியா இருந்தீங்க. இன்னைக்குப் பின்சீட்டுல பச்சை உடம்புக்காரி, மடியில நாலு நாள் குழந்தை...

மெக்கானிக்: அதுக்காகத்தானே பத்து நாளா இதோட மல்லுக்கட்டிட்டிருக்கேன்! இக்னிஷன் மாட்யூலை மாத்தினேன். அடியில சூடு கடத்துற பேஸ்ட் புதுசா தடவினேன். பிக்கப் காயிலைக் கழட்டி, இடைவெளி அளந்து, மறுபடி மாட்டினேன். உன் ஹேர் டிரையரை வெச்சுச் சுட வெச்சேன், ஐஸ்கட்டி வெச்சுக் குளிர வெச்சேன். ஒவ்வொரு ஒயரையும் பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்லை.

மனைவி: அன்னைக்கு எப்படித்தான் அணைஞ்சுது? சட்டுனா, இல்லை திணறித் திணறியா?

மெக்கானிக்: அணைஞ்சுதுன்னா அணைஞ்சுது.

மனைவி: இல்லைங்க, வர்ற கஸ்டமரையெல்லாம் நீங்கதானே கேப்பீங்க? ஆர்.பி.எம். முள் படக்குனு விழுந்துச்சா, மெதுவா இறங்குச்சான்னு. படக்குனு விழுந்தா கரெண்ட் பக்கம், மெதுவா இறங்கினா பெட்ரோல் பக்கம்னு...

மெக்கானிக்: தண்டவாளத்து மேல உக்காந்துக்கிட்டு முள்ளைப் பாத்துட்டிருப்பாங்களா? போயி அந்த பிளக் ஸ்பானரை எடு.

மனைவி: சும்மா கேட்டேன். அதுக்கு ஏன் எரிஞ்சு விழறீங்க?

மெக்கானிக்: போன் அடிக்குது பாரு. அவதான். எடுத்து ஸ்பீக்கர்ல போடு, என் கையெல்லாம் கிரீஸ்.

மகள்: அம்மா... டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. பதினொண்ணரைக்கு ரூமைக் காலி பண்ணச் சொல்றாங்க. கிளம்பிட்டீங்களா?

மனைவி: இல்லைடி, இன்னும் அப்பா...

மெக்கானிக்: கிளம்பிட்டே இருக்கோம்மா! பதினொண்ணுக்கு டாண்ணு வாசல்ல நிப்பேன். குட்டி என்ன பண்றா?

மகள்: தூங்கறா. அப்பா... வண்டி சரியாயிடுச்சா? உண்மையைச் சொல்லுங்க.

மெக்கானிக்: உங்கப்பன் என்னைக்குப் பொய் சொன்னான்?

மகள்: இல்லைப்பா... இங்க படுத்திருந்தா கண்டதும் தோணுது. அந்த கேட்டு நடுவுல நாம நிக்கிற மாதிரி, கதவைத் திறக்க முடியாத மாதிரி... ரெண்டு நாளா கண்ணை மூடினா அதான் வருது. பயமா இருக்குப்பா.

மெக்கானிக்: பைத்தியம். பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் கண்டது தோணும். அப்பா இருக்கேன்ல?

மகள்: ம்... நீங்க ஓட்டினா எனக்குப் பயமில்லை. வண்டிதான்...

மெக்கானிக்: வண்டியை நான் பாத்துக்கறேன். வெச்சுடு.

மனைவி: ஏங்க அப்படி வாக்குக் கொடுக்கறீங்க? மணி ஒம்போதே முக்கால்!

மெக்கானிக்: அதனாலதான் நிக்காம வேலையைப் பாருங்கறேன். ஒண்ணாம் பிளக்கைக் கழட்டிட்டேன். இந்த நீட்டு ஸ்க்ரூடிரைவரை ஓட்டைக்குள்ள விட்டு, பிஸ்டன் மேல சும்மா நிக்கிற மாதிரி பிடி. அழுத்தாதே. நான் புல்லியைக் கையால சுத்தறேன்.

மனைவி: எதுக்கு இது?

மெக்கானிக்: புல்லியோட வெளி வளையம் ரப்பர்ல ஒட்டியிருக்கும். ரப்பர் விட்டுப்போச்சுன்னா வளையம் நழுவி, அதுல இருக்கிற அடையாளம் பொய் சொல்லும். அப்படி இருந்தா தப்பு என் மேல இல்லை... ம், சுத்தறேன். ஏறுதா?

மனைவி: ஏறுது... ஏறுது...

மெக்கானிக்: ஏன் இப்படிச் சாய்க்கிறே? நேராப் பிடி.

மனைவி: நேராத்தான் பிடிச்சிருக்கேன். ஏறுது... ஏறுது... நின்னுடுச்சு. இதுக்கு மேல ஏறலை.

மெக்கானிக்: நல்லாப் பாத்துச் சொல்லு.

மனைவி: இப்போ இறங்க ஆரம்பிக்குது... ஆங், அங்கதான் உச்சி. என்ன காட்டுது?

மெக்கானிக்: பூஜ்யம். கரெக்டா பூஜ்யத்துல நிக்குது. அடையாளம் பொய் சொல்லலை.

மனைவி: பெல்ட்டு பல்லு தாண்டியிருக்குமோ?

மெக்கானிக்: கவரைக் கழட்டிப் பாத்துட்டேன். மேல் கியர் அடையாளமும் சரியா இருக்கு. பல்லு தாண்டலை, வளையம் நழுவலை, லைட் கெடலை, கோடு விலகலை... இங்க வா. இப்படி உக்காரு.

மனைவி: என்னங்க, முகமெல்லாம் வேர்த்திருக்கு. தண்ணி கொண்டு வரவா?

மெக்கானிக்: தண்ணி வேண்டாம். நான் ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. நேத்து சாயங்காலம் நான் டைமிங் வெச்சேனா?

மனைவி: ...என்ன கேள்வி இது?

மெக்கானிக்: வெச்சேனா, வெக்கலையா? நீதானே உள்ள உக்காந்து மிதிச்சே?

மனைவி: உங்களுக்கு ஞாபகம் இல்லையா?

மெக்கானிக்: எனக்கு ஞாபகம் இருக்கு. பத்துல வெச்சேன், நல்லா முடுக்கினேன், கோடு போட்டேன். எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா வண்டி இல்லைங்குதே! ஒரு மனுஷன் செய்யாத வேலையைச் செஞ்சதா நெனச்சுக்க முடியுமா? அப்படியும் ஆகுமா?

மனைவி: ஐயோ, ஏன் இப்படியெல்லாம் பேசறீங்க?

மெக்கானிக்: அப்படித்தான் இருக்கணும். வேற வழியே இல்லை. தப்பா அஞ்சுல வெச்சுட்டு, பத்துல வெச்சதா நெனச்சுட்டு, அதுக்கு நேராவே கோட்டையும் போட்டுட்டேன்... ஸ்கூல் வேனை என்ன பண்ணி வெச்சிருக்கேனோ. அதுல இருபது பிள்ளைங்க போகுது. ஐயோ... அந்த டிரைவர் நம்பர் எங்க?

மனைவி: இருங்க, இருங்க. பதறாதீங்க.

மெக்கானிக்: பதறாம? எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நீ சொல்லு. சத்தியமா சொல்லு. நேத்து நான் வெச்சேனா, இல்லை சும்மா பானட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேனா?

மனைவி: முதல்ல இந்தத் துணியில முகத்தைத் துடைங்க.

மெக்கானிக்: ஏன் பேச்சை மாத்தறே? அப்போ நான் வெக்கலை. அதானே?

மனைவி: ...எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க.

மெக்கானிக்: உனக்கா? போன வருஷம் நான் எந்தத் தேதியில எந்தச் சட்டை போட்டேன்னு சொல்ற ஆளு நீ. நேத்து நடந்தது ஞாபகம் இல்லையா? என்கிட்ட எதையோ மறைக்கிறே. என்னைப் பத்தி ஏதோ தெரிஞ்சுக்கிட்டு மறைக்கிறே...

மனைவி: அழாதீங்க. ஐயோ, என்னங்க இது... வெச்சீங்க! பத்துல வெச்சீங்க! நான்தான் உள்ள உக்காந்திருந்தேன். முள் எண்ணூறுல ஆடாம அசையாம நின்னுச்சு. ‘பாத்தியா, குயில் மாதிரி பாடுது’ன்னு நீங்கதான் சொன்னீங்க. வெச்சீங்க, முடுக்கினீங்க, கோடும் போட்டீங்க. போதுமா?

மெக்கானிக்: நெஜமா?

மனைவி: நம்ம பொண்ணு மேல சத்தியமா.

மெக்கானிக்: அப்போ இது... பேயா திருப்பிச்சு? டார்ச்சைக் கொடு.

மனைவி: எதுக்கு? விடுங்க, போதும். மணி பத்தாச்சு...

மெக்கானிக்: டார்ச்சைக் கொடுன்னேன்.

மனைவி: ...இந்தாங்க.

மெக்கானிக்: பிடிச்சுட்டு நில்லு. கொஞ்சம் கீழ... ம்ம்... ஏம்மா.

மனைவி: என்ன?

மெக்கானிக்: இந்த எஞ்சினைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?

மனைவி: எஞ்சின் மாதிரிதான் தோணுது.

மெக்கானிக்: எல்லா இடத்துலயும் எண்ணெய்ப் பிசுக்கு. விரலை வெச்சா ஒட்டுது. இந்தக் கோட்டைச் சுத்தி மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்குப் பளபளன்னு இருக்கு. எந்த மெக்கானிக் இப்படித் துடைப்பான்? பாத்திரம் தேய்ச்ச மாதிரி தேய்ச்சிருக்கு. நான் கோடு போட்டா வேஷ்டித் துணியில ஒரு இழு இழுத்துட்டு, அழுக்கு மேலயே போடுவேன். இது அழுக்கை எடுத்து, பழைய கோட்டை அழிச்சு, காய வெச்சு, அழகா போட்ட கோடு. உன்னால ஒரு இடத்தை அழுக்கா விட்டுட்டு வர முடியாதில்ல? எதுல அழிச்சே?

மனைவி: ...தின்னர்ல.

மெக்கானிக்: எப்போ?

மனைவி: காலையில. நீங்க குளிக்கப் போனப்போ.

மெக்கானிக்: நேத்தும் நீதானா?

மனைவி: நேத்தும்தான். நேத்து கோடு விலகினதைப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டீங்க. அதான் இன்னைக்குக் கோட்டையும் மாத்திப் போட்டேன். கொஞ்சூண்டுதான் திருப்பினேன். ஸ்டார்ட்டே ஆகாதுன்னு நெனச்சேன்.

மெக்கானிக்: ஸ்டார்ட் ஆகாம இருக்கணும்னா இன்னும் ரெண்டு மடங்கு திருப்பியிருக்கணும்.

மனைவி: இப்போ சொல்லுங்க! பாதி மெக்கானிக்குக்கு அவ்வளவுதான் தெரியும்.

மெக்கானிக்: சிரிப்பு காட்டாதே. ரெண்டு நாளா நான் செத்துப் பொழைக்கிறேன். எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நெனச்சேன் தெரியுமா? உன்னைக் கெஞ்சிக் கேட்டேனே, அப்பவும் ஞாபகம் இல்லைன்னு சொன்னியே! உனக்கு நான் என்ன பண்ணேன்?

மனைவி: அடிச்சாலும் வாங்கிக்கறேன். இன்னைக்கு மட்டும் நீங்க வண்டியை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மெக்கானிக்: ஏன்?

மனைவி: கேக்காதீங்க.

மெக்கானிக்: ஏன்னு கேக்கறேன்!

மனைவி: போன செவ்வாய்க்கிழமை... மத்தியானம் சாப்பிட்டுட்டிருந்தீங்க. நான் எதிர்ல உக்காந்திருந்தேன். வாய்க்குக் கொண்டு போன கை அப்படியே நின்னுடுச்சு. கண்ணு திறந்திருக்கு, ஆனா என்னைப் பாக்கலை. விளையாடறீங்கன்னு நெனச்சுச் சிரிச்சேன். கூப்பிட்டேன். தோளைப் பிடிச்சு உலுக்கினேன். பதினெட்டு வரைக்கும் எண்ணினேங்க.

மெக்கானிக்: செவ்வாய்க்கிழமையா...

மனைவி: அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வாயில போட்டுக்கிட்டு, ‘உப்பு கம்மி’ன்னீங்க. உங்களுக்குத் தெரியவே தெரியலை.

மெக்கானிக்: ஏன் அப்பவே சொல்லலை?

மனைவி: எப்படிச் சொல்றது? பொண்ணு அங்க வலியில கிடக்கா. உங்ககிட்ட சொன்னா இடிஞ்சு போயிடுவீங்க. சொல்லாம இருந்தா ஸ்டியரிங்கைப் பிடிப்பீங்க. குழந்தை வீட்டுக்கு வந்ததும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம், அதுவரைக்கும் எப்படியாவது வண்டியை முடக்கி வெச்சுடலாம்னு... எனக்கு வேற வழி தெரியலைங்க. உங்களையே சந்தேகப்பட வெச்சுட்டேன். அதுதான் என்னால தாங்க முடியலை. திட்டவாவது திட்டுங்க.

மெக்கானிக்: டாக்ஸிக்குப் போன் போடு.

மனைவி: ...நெஜமாவா?

மெக்கானிக்: போடு. நீ பின்னாடி அவகூட உக்காந்துக்கோ. நான் முன்னாடி உக்காந்துக்கறேன்.

மனைவி: அப்பாடி... இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. நாளைக்கே டாக்டர்கிட்ட போயிடலாம். மருந்து மாத்திரையில சரியாப் போயிடும், பாருங்க. நல்லவேளை, வீட்டுல சாப்பிடறப்போ வந்துச்சு. அன்னைக்கு கேட்டுலயாவது பாழாப்போன வண்டிதான் கோளாறு பண்ணுச்சு, நீங்க தெளிவா இருந்ததால தப்பிச்சீங்க. அந்த நேரம் பாத்து உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தா...

மெக்கானிக்: அன்னைக்கு எஞ்சின் அணையவே இல்லைம்மா. பின்னாடி நின்ன லாரிக்காரர் இறங்கி ஓடி வந்து கண்ணாடியைப் படபடன்னு தட்டறார்... அப்பத்தான் எனக்கு நெனவு வருது. பாத்தா தண்டவாளத்து நடுவுல இருக்கேன், எஞ்சின் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. எவ்வளவு நேரமா இருந்தேன்னு தெரியலை. வீட்டுக்கு வந்து வண்டி மேல பழியைப் போட்டுட்டேன். அதுக்கப்புறம், ஒருவேளை வண்டிதான் அணைஞ்சுதோ, நான்தான் பதட்டத்துல மறுபடி ஸ்டார்ட் பண்ணதை மறந்துட்டேனோன்னு, பத்து நாளா இதுல ஒரு கோளாறு கிடைக்காதான்னு தேடித் தேடிப் பாத்தேன்... நேத்து டைமிங் தள்ளியிருந்ததைப் பாத்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?